டீசல் ஊற்றிப் புதைத்த வண்டி

கண்ணு,

இது அப்பாவின் எழுத்துதான். யாரையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லச் சொல்ல எழுதவைக்கவில்லை. நம்பாவிட்டால் அம்மாவுக்குப் போன் போட்டுக் கேள். "ஆறு நாளா மனுசன் நோட்டும் கையுமா இருக்காரு, மாட்டுக்குத் தண்ணி காட்டக்கூட எந்திரிக்கறதில்ல" என்று அவளே சொல்வாள். என் வரிகள் தொப்பூர் கணவாய் மாதிரி ஏறி இறங்கும். அந்தக் கணவாயில் வண்டி ஓட்டியதைப் போலவே இங்கும் மெதுவாகத்தான் போகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். மூன்று முறை போட்டேன். மூன்று முறையும் "சாப்டியா கண்ணு" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். பேனாவைக் கையில் எடுத்துவிட்டால் அப்படித் தப்பிக்க முடிவதில்லை. சாப்பிட்டாயா என்று எழுதிய பிறகும் பக்கம் முழுக்கக் காலியாகக் கிடக்கிறது.

விஷயம் இதுதான். நம் வண்டியைக் கிருஷ்ணகிரியில் உடைக்கிற இடத்தில் கொடுத்துவிட்டேன் என்று உன்னிடம் சொன்னது பொய். அது நம் மேல்காட்டு மூலையில், மண்ணுக்குள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நீ, அந்த வண்டியைச் செய்த உன் கம்பெனியின் அதிகாரிகளோடு காரிமங்கலத்துக்கு வந்து, பழைய வண்டிகளை எப்படி ஒப்படைப்பது என்று மைக்கில் பேசப்போகிறாய். முன்வரிசையில் உன் மாதையன் மாமா உட்கார்ந்திருப்பார். அவருடைய கிணறு கெட்டுப்போயிருக்கிறது. கெடுத்தது நம் வண்டி. இப்போது நீ எழுந்து நின்றிருப்பாய். உட்கார்ந்து முழுவதையும் படி. உன் நோட்டீசை நான் நான்கு நாள் எழுத்துக்கூட்டிப் படிக்கவில்லையா.

எஃப்.சி.க்குக் கொண்டுபோனபோது இனி இந்த வண்டி ரோட்டுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. காரிமங்கலத்தில் பிரேக்கை மிதித்தால் மொரப்பூரில் நிற்கிற நிலைக்கு அது வந்திருந்தது. ஆனால் பதினேழு வருடம் தக்காளி சுமந்த வண்டி. உன்னைச் சேலத்தில் ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டதும் அதில்தான். உன் புதுப் பெட்டி கசங்கக் கூடாது என்று அதை என் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உன்னைப் பின்னால் தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் ஏற்றினேன். நீ இறங்கியபோது சட்டையெல்லாம் சிவப்பு. வார்டன் பாவம், ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டார். நான்கு வருடமும் உன்னை அங்கே தக்காளி என்றே கூப்பிட்டார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதற்கு இதுவரை நான் உன்னிடம் வருத்தம் தெரிவித்ததில்லை. பெட்டியைத்தான் பின்னால் வைத்திருக்க வேண்டும்.

வண்டியைப் பார்க்கக் காயலான் கடைக்காரர் ஒருவர் வந்தார். கையில் சுத்தியல். வணக்கம் சொல்வதற்கு முன்பே கதவில் ஓர் அடி போட்டார். "தகரம் உளுத்துப்போச்சுங்க பெரியவரே" என்றார். "உம் மண்டையில அடிச்சாலும் இதே சத்தந்தான் வரும், போய்ட்டு வாப்பா" என்று அனுப்பிவிட்டேன். அதற்கு முந்தின வருடம்தான் நம் செவலை செத்துப்போயிருந்தது. உனக்கு நினைவிருக்கும். குழி வெட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, கொம்புக்கு மாலை போட்டு, ஊரே நின்று அனுப்பிவைத்தோம். உழைத்த மாட்டை நாம் அப்படித்தானே அனுப்புகிறோம். செவலையைவிட வண்டி அதிகம் உழைத்தது. அதை மட்டும் சுத்தியல்காரரிடம் ஏன் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதில் தவறில்லை கண்ணு. பொக்லைனைக் கூப்பிட்டதுதான் தவறு.

முதலில் நான் காட்டிய இடத்தில் பாறை. பொக்லைன்காரர் பல் உடைந்துவிடும் என்றார். மாதையன்தான் தன் வரப்புப் பக்கமாக நடந்துபோய்க் காலால் மண்ணை அமுக்கிப் பார்த்து, "இப்படி வாங்க மச்சான், இங்க மண்ணு பொதபொதன்னு இருக்குது" என்றான். அங்கிருந்து அவன் கிணறு நாற்பது நடை. அதை நானும் நினைக்கவில்லை, அவனும் நினைக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் மாலை எங்கே போடுவது என்ற யோசனையில் இருந்தோம்.

உன் அம்மாவுக்கு மட்டும்தான் அன்று புத்தி இருந்தது. "ஏனுங்க, அந்தப் பேட்டரியையாவது கழட்டி வையுங்க" என்றாள்.

"போறவன் மேல இருக்கறத உருவுவாங்களா?" என்றேன்.

"பொங்கலுக்கு மாட்டுக்கு மாலை போட்டீங்க, அது தலைய ஆட்டுச்சு. இது என்னத்த ஆட்டும்?"

பேட்டரியைக் கழற்றவில்லை. இன்னும் மோசமான ஒன்றைச் செய்தேன். வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாது என்று ஐந்து லிட்டர் டீசல் வாங்கிவந்து ஊற்றினேன். எஞ்சின் ஆயிலையும் புதிதாக மாற்றினேன். ஆர்.சி. புத்தகத்தை, அது அவனுடைய பொருள் என்று, முன்னால் இருக்கும் டப்பாவிலேயே வைத்து மூடினேன். மாதையன் கற்பூரம் காட்டினான். பொக்லைன் மெதுவாகத் தள்ள, வண்டி குழிக்குள் சரிந்தது. சரிந்த வேகத்தில் ஹாரன் அழுந்திக்கொண்டது. நிற்கவே இல்லை. மண் தள்ளத் தள்ள உள்ளேயிருந்து அது அலறிக்கொண்டே இருந்தது. நாலைந்து பெண்கள் அழுதுவிட்டார்கள். "உசுரோட பொதைக்கறீங்களேய்யா" என்று உன் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சொன்னாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்திருக்கிறாள். மூன்றாம் நாள் பால் ஊற்றப் போனபோது சத்தம் அடங்கியிருந்தது. அந்தச் சமயத்தில்தான் நீ போன் செய்து வண்டி என்ன ஆயிற்று என்று கேட்டாய். பால் சொம்பு ஒரு கையில், போன் ஒரு கையில். கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன். உன் காதில் போட வேண்டாம் என்று அம்மாவிடமும் ஊரிடமும் சொல்லிவைத்தேன்.

அதற்குப் பிறகுதான் பள்ளிக்கூடத்தில் சாயங்கால வகுப்பில் சேர்ந்தேன். மாதையன் மகள் கலாதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். கண்ணு, எழுத்து தெரிந்த பிறகு இந்த ஊர் வேறு ஊராகிவிட்டது. சுவர், சோப்பு உறை, பஸ்ஸின் முதுகு என்று ஒன்றையும் விடுவதில்லை. சின்னப்பன் டீக்கடை என்று நாம் எல்லோரும் சொல்கிற கடையின் பலகையில் ஓட்டல் பாரிஸ் என்று எழுதியிருக்கிறது. சின்னப்பனிடம் கேட்டேன். "தொறந்த நாள்ல இருந்து அதாங்க பேரு. நீங்கதான் மொத ஆளா கேக்கறீங்க" என்று ஒரு டீயைச் சும்மா கொடுத்தான். படிப்பதில் இப்படியெல்லாம் லாபம் இருப்பது தெரிந்திருந்தால் சின்ன வயதிலேயே ஆடு மேய்ப்பதை விட்டிருப்பேன்.

பொங்கலுக்கு வந்தபோது நீ ஒரு கட்டு நோட்டீஸ் கொண்டுவந்தாயே, அதில் ஒன்று டி.வி.க்கு அடியில் கிடந்தது. உன் கம்பெனியில் இந்தப் புதுப் பிரிவுக்கு மாறியபிறகு நீயே தமிழில் எழுதியது என்று அம்மா சொன்னாள். நான் வாழ்க்கையில் முதல் எழுத்து முதல் கடைசி எழுத்து வரை படித்த முதல் தாள் அதுதான். முதல் நாள் முதல் வரியைப் படித்தேன். வண்டியைச் செய்த நிறுவனமே அதன் முடிவுக்கும் பொறுப்பு என்று எழுதியிருந்தாய். நெஞ்சு நிறைந்துவிட்டது. பார், நம் பையன் எவ்வளவு நேர்மையாக எழுதியிருக்கிறான் என்று உன் அம்மாவிடம் இரண்டு முறை படித்துக்காட்டினேன். இரண்டாம் நாள் அடுத்த வரிக்குப் போனேன். பழைய வண்டியை மண்ணில் போட்டு வைக்கக் கூடாது. மூன்றாம் நாள் எஞ்சின் ஆயில், டீசல், பேட்டரியில் உள்ள ஈயம், அமிலம். ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டி முடிக்கும்போது, என் பெயரைச் சொல்லாமல் என்னைப் பற்றியே எழுதியிருப்பது போல இருந்தது. டீசல் ஊற்றிப் புதைக்காதீர்கள் என்ற ஒரு வரிதான் இல்லை. அவ்வளவு தூரம் ஒருவன் போவான் என்று உனக்குத் தோன்றியிருக்காது.

நான்காம் நாள் தாளை வகுப்புக்கு எடுத்துப்போய்க் கலாவிடம் கேட்டேன். "கலா, ஈயம் மண்ணுல எறங்கினா என்னம்மா ஆவும்?"

"மழை பேஞ்சா கீழ போவும் மாமா. பக்கத்துல கெணறு இருந்தா அதுல போய்ச் சேந்துடும்."

"எவ்வளவு பக்கம்?"

"அது மண்ணப் பொறுத்துது. பாறையா இருந்தா சீக்கிரம் எறங்காது. பொதபொதன்னு இருந்தா..." என்றவள் என்னைப் பார்த்துவிட்டு, "ஏன் மாமா, மூஞ்சி இப்படிப் போச்சு? தண்ணி குடிக்கறீங்களா?" என்றாள்.

வண்டியைப் புதைத்தபோது அவள் ஊரில் இல்லை, தன் வீட்டுக் கிணறு ஏன் நிறம் மாறியது என்று அவளுக்குத் தெரியாது. எனக்கு அந்த நிமிடம் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் ஒன்பது நாள் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒன்பது நாளும் அவளிடம்தான் எழுத்து கற்றுக்கொண்டேன். அவள் என் கையெழுத்தைப் பார்த்து நல்லா இருக்குது மாமா என்று சொன்னாள். இந்தக் கடிதத்தில் எழுதக் கையே வராத இடம் இதுதான். வண்டியைப் புதைத்தது அறியாமை. இதற்கு அந்தப் பெயரைச் சொல்ல முடியாது.

பத்தாம் நாள் காலையில் மாதையன் வீட்டுக்குப் போனேன். குடிக்க அவர்களுக்கு ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வருகிறது, அதனால் மனிதர்கள் தப்பித்தார்கள். மாட்டுக்கும் சாமந்திக்கும் அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான். சாமந்தி இலையெல்லாம் ஓரம் கருகியிருந்தது. தொட்டித் தண்ணீரின் மேல், மழை பெய்த பெட்ரோல் பங்க் தரை மாதிரி வண்ண வண்ணமாக ஒரு படலம். மூன்று மாடும் முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டன. மாதையன் பால் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தான்.

"வாங்க மச்சான். கோடாங்கிகிட்டப் போய்ட்டு வந்தேன்" என்றான்.

"என்ன சொன்னாரு?"

"செய்வினையாம். வடக்குப் பக்கம் என்னத்தையோ பொதைச்சு வெச்சிருக்காங்களாம்."

"யாரு வெச்சாங்களாம்?"

"நெருங்கின சொந்தம்னாரு. கண்டுபிடிச்சன்னு வையுங்க, கைய முறிச்சுடுவேன்."

"சின்னப் பொருளா, பெரிய பொருளான்னு சொன்னாரா?"

"தகடுன்னாரு."

"தகடுதான் மாதையா. கொஞ்சம் பெரிய தகடு. நாலு சக்கரம் இருக்கும்."

அவனுக்கு விளங்க நேரமானது. நோட்டீசைப் பையிலிருந்து எடுத்து, ஒரு வரி விடாமல் படித்துக்காட்டினேன். எனக்கு வேகமாகப் படிக்க வராது. அதனால் அவன் கோபமும் ஒரேயடியாக வராமல், வரிக்கு வரி கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. பேட்டரிக்கு வந்தபோது எழுந்து நின்றான். டீசலுக்கு வந்தபோது மண்வெட்டியை எடுத்தான். அடித்தால் வாங்கிக்கொள்வது என்று தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

"மூணு மாட்டையும் காரிமங்கலம் சந்தைல தள்ளிடலாம்னு இருந்தேன் மச்சான்" என்றான். "பொண்ணு மாட்டத் தடவித் தடவி அழுவுது. எத்தன நாளாத் தெரியும் ஒங்களுக்கு?"

"ஒம்பது நாளு."

"ஒம்பது நாளு எங்க வூட்டுக் காபியக் குடிச்சுக்கிட்டு..."

"ஆமா."

மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, "நடங்க, தோண்டலாம்" என்றான். நாலடி நடந்து திரும்பி, "எடம் காட்டினது நாந்தான்னு கலாகிட்ட சொல்லிடாதீங்க" என்றான். அதை உனக்கு மட்டும் எழுதுகிறேன். நீயும் சொல்லாதே.

மண்வெட்டியால் ஆகாது என்று அதே பொக்லைனைக் கூப்பிட்டோம். அதே ஊர் திரும்பவும் கூடியது. "எடுத்து வேற எடத்துல பொதைக்கறீங்களா?" என்று ஆள் மாற்றி ஆள் கேட்டார்கள். வண்டி மேலே வந்தபோது எஞ்சினிலிருந்து கறுப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது. பேட்டரி வெடித்துப் பிளந்திருந்தது. குழியில் கருத்த மண்ணையெல்லாம் தார்ப்பாயில் அள்ளிக் கட்டி வைத்திருக்கிறோம். ஆர்.சி. புத்தகம் கூழாகிவிட்டது. நம் கிணற்றிலிருந்து மாதையன் தொட்டிக்கு ஓஸ் போட்டிருக்கிறேன். முதல் நாள் மூன்று மாடும் வாயை எடுக்காமல் குடித்தன. கலா என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை. வகுப்பில் என் நோட்டை மட்டும் திருத்தித் தள்ளிவிடுவாள். எட்டாம் நாள், "மாமா, இந்தப் பக்கத்துல மூணு தப்பு" என்றாள். அவ்வளவு சந்தோசமாக நான் தப்புச் செய்ததே இல்லை.

பிறகு தருமபுரியில் வண்டியை நமக்கு விற்ற கடைக்கே போனேன். உன் நோட்டீஸ்படி அங்கேயே ஒப்படைக்கலாம் அல்லவா. கண்ணாடிக் கதவு, குளிர் காற்று. ஒரு குடும்பம் புது வண்டி எடுத்துக்கொண்டிருந்தது. மாலை, சந்தனம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். பதினேழு வருடத்துக்கு முன் எனக்கும் இதெல்லாம் செய்தார்கள். ஸ்வீட் பெட்டி கொடுத்தார்கள். திரும்ப எங்கே கொடுப்பது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அங்கே இருந்த மேனேஜர் தம்பி மரியாதையானவன்தான். "ஐயா, நாங்க விக்கறது மட்டுந்தாங்க" என்றான். நான் நோட்டீசை எடுத்து முதல் வரியிலிருந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். "நான் படிச்சுக்கறேங்க ஐயா, குடுங்க" என்று கையை நீட்டினான். "இல்லீங்க தம்பி, நான் படிக்கறனே" என்றேன். மூன்றாவது வரியில் புது வண்டிக் குடும்பம் பக்கத்தில் வந்து நின்றது. அந்த வீட்டுக்காரர், "இத எங்ககிட்ட சொல்லவே இல்லீங்களே" என்று மேனேஜரைப் பார்த்தார். தம்பி எனக்கு நாற்காலி போட்டு, டீ சொல்லி, எங்கெங்கோ போன் செய்தான். ஆர்.சி. இல்லாவிட்டால் சேஸிஸ் நம்பர் வேண்டும் என்றான். மண்ணைச் சுரண்டிப் புளி போட்டுத் தேய்த்து, சட்டத்தில் வெட்டியிருந்த அத்தனை எழுத்தையும் நானே பார்த்து எழுதி முன்பே கையில் எடுத்துப்போயிருந்தேன். கலா சரிபார்த்திருந்தாள். ஒன்றுகூடத் தப்பில்லை. ஞாயிற்றுக்கிழமை முகாமுக்குக் கொண்டுவாருங்கள் என்று சீட்டுக் கொடுத்திருக்கிறான்.

ஆக, வண்டி டிராக்டர் டிரெய்லரில் வருகிறது. உன் அதிகாரிகள் முன்னால் உனக்குத் தலைக்குனிவாக இருக்கும். அதற்காக ஓரமாக நிறுத்திவைத்து எல்லோரும் போன பிறகு எடுத்துக்கொள்ளாதே. முதல் வண்டியாக எடு. இவர் என் அப்பா, இவர் செய்தது இது என்று நீயே சொல். மற்றவர்கள் சொன்னால் ஹாரன் கதையையும் சேர்த்துச் சொல்வார்கள்.

இன்னொன்று. வண்டி எடுப்பவரிடம் சாவியைக் கொடுக்கிற அன்றே, பின்னால் எங்கே ஒப்படைக்க வேண்டும் என்பதைச் சொல்லச் சொல். எழுதிக் கொடுத்தால் போதாது. என்னைப் போல எத்தனையோ பேர் அதை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிடுவார்கள். வாயால் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒன்று இருக்கிறது. இதற்காகத்தான் ஆறு நாள் உட்கார்ந்து எழுதினேன். வண்டிக்கு யார் பொறுப்பு என்று உன் நோட்டீசில் இருக்கிறது. மாதையன் கிணற்றுக்கு யார் பொறுப்பு என்று இல்லை. மேலிருந்து கீழாக நான்கு தடவை தேடினேன், கிணறு என்ற சொல்லே அதில் இல்லை. தண்ணீரை இறைத்துக் கொட்டலாமா, எங்கே கொட்டுவது, கட்டி வைத்திருக்கிற மண்ணை யார் எடுத்துப்போவார்கள், திரும்ப மாடு அந்தத் தண்ணீரைக் குடிக்கலாம் என்று சோதித்துச் சொல்ல யார் வருவார்கள். என் பங்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும், அதற்கு ஒளிய மாட்டேன். உன் கம்பெனியின் பங்கு எவ்வளவு என்று தெரியவில்லை. மாதையன் கூச்சக்காரன், கூட்டத்தில் எழுந்து கேட்க மாட்டான். அதனால் நான் கேட்கப்போகிறேன். கேள்வியைத் தாளில் எழுதி வைத்திருக்கிறேன், உன் மைக்கிலேயே மெதுவாகப் படிப்பேன். பெரிய அதிகாரிகள் இருக்கும்போது நீ திணறக் கூடாது என்றுதான் கேள்வியை முன்னாலேயே உனக்கு அனுப்புகிறேன். இன்னும் மூன்று நாள் இருக்கிறது. விசாரித்துக்கொண்டு வா. அப்பா, நீங்க உக்காருங்க, வூட்டுக்கு வந்து சொல்றேன் என்று மட்டும் சொல்லிவிடாதே. உட்கார மாட்டேன்.

உன் அப்பா